பலகைக் கதவில் ஒரு ஸ்பிரிங் முறிந்துவிட்டது: என்ன அளவு வாங்குவது, எப்படி மாற்றுவது?

#1 உபிக்கிடங்கு

சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் கீழ்த்தளத் தொழிற்கூடம். லோடிங் வாசலில் பலகை பலகையாக மடிந்து மேலே போகும் இரும்புக் கதவு. அகலம் 3.9 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கதவுக்கு மேலே ஷாஃப்டில் இரண்டு ஸ்பிரிங். உள்ளேயிருந்து பார்த்தால் வலப்பக்கம் இருப்பது நடுவில் முறிந்து, இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிகிறது. பட்டனை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறது, கதவு ஒரு சாண் ஏறி நின்றுவிடுகிறது.

உள்ளே லோரி ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. கதவை எப்படித் திறப்பது? முறிந்ததை மட்டும் மாற்றினால் போதுமா? கடையில் என்ன அளவு சொல்லிக் கேட்பது?

#2 முறுக்குக்கம்பி

முதலில் அந்தப் பட்டனை விடுங்கள். கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை, ஸ்பிரிங். மோட்டார் வழிகாட்டுகிறது, அவ்வளவுதான். இன்னும் நாலு முறை அழுத்தினால் கியரின் பல் போகும், ஸ்பிரிங் விலையோடு அதுவும் சேரும்.

இந்த அளவுக் கதவு 130 கிலோவுக்குக் குறையாது. ஒரு ஸ்பிரிங் இன்னும் உயிரோடு இருப்பதால் பாதிப் பாரத்தை அது தாங்கும், மீதி 65 கிலோ உங்கள் ஆட்களின் கையில். அவசரமாகத் திறந்தே ஆக வேண்டுமென்றால் மின்சாரத்தை ஐசொலேட்டரில் (மோட்டாருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) நிறுத்திப் பூட்டுப் போடுங்கள். கதவு முழுதாகத் தரையில் இருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைப் பிரியுங்கள். பக்கத்துக்கு இரண்டு பேர் நின்று சமமாகத் தூக்கட்டும். மேலே போனதும் இரண்டு தண்டவாளத்திலும் கடைசி உருளைக்குக் கீழே வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டும் இடுக்கி) போட்டு இறுக்கி, கதவின் இரண்டு முனையிலும் இரும்பு முட்டுக் கொடுங்கள். முட்டு நின்ற பிறகுதான் லோரி நகர வேண்டும். இறக்கும்போதும் அதே நாலு பேர்.

ஃபோர்க்லிஃப்ட் முள்ளை அடியில் கொடுத்துத் தூக்கும் யோசனை யாருக்காவது வரும். வேண்டாம். அடிப் பலகை வளைந்தால் கதவே மாற்ற வேண்டியதுதான்.

பின்னால் படிப்பவர்களுக்கு ஒன்று. கதவு *மேலே* இருக்கும்போது ஸ்பிரிங் முறிந்தால் சிவப்புக் கயிற்றைத் தொடவே கூடாது. அந்த நேரம் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது மோட்டார் மட்டும்தான். கயிற்றை இழுத்தால் மொத்தக் கதவும் கீழே வரும்.

#3 தேக்காக்கடை

ஒண்ணுதானே உடைஞ்சிருக்கு, இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு? அதை மட்டும் மாத்தினா செலவு பாதிதானே?

#4 கணக்குச்சுற்று

இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே எண்ணிக்கையில் ஏறி இறங்கியவை. ஸ்பிரிங் வயதை வருஷத்தில் கணக்கிட முடியாது. ஒரு முறை திறந்து மூடினால் ஒரு சுழற்சி. சாதாரண ஸ்பிரிங் 10,000 சுழற்சிக்குச் செய்யப்படுகிறது. தரைவீட்டில் ஒரு நாளைக்கு 4 முறை என்றால் ஏழு வருஷம் கிட்ட வரும். லோடிங் வாசலில் ஒரு நாளைக்கு 20 முறை என்றால் 500 நாள். ஒன்று போய்விட்டால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்று பொருள். புதிது ஒன்று, தளர்ந்தது ஒன்று என்று போட்டால் இரண்டும் ஒரே வலுவில் இழுக்காது, சமநிலையும் சரியாக வராது. கூலி இரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் பாதிச் செலவு என்பது கணக்குக்கு நிற்காது.

துவாஸ், பாசிர் பாஞ்சாங் மாதிரிக் கடலோரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. உப்புக்காற்றில் கம்பியின் மேல் துருக்குழி விழும், விரிசல் அந்தக் குழியில்தான் தொடங்கும். முறிந்த முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் பிறை வடிவில் கறுத்த திட்டும் மற்ற இடம் பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் ரொம்ப நாளாகவே உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

#5 வெர்னியர்

அளவுக்கு வருகிறேன். நாலு சங்கதி வேண்டும்: கம்பித் தடிமன், உள்விட்டம், நீளம், முறுக்குத் திசை.

தடிமனை ஒற்றைக் கம்பியில் டேப் வைத்து அளந்தால் தப்பாகிவிடும். முறிந்த துண்டில் வளையங்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும் இடத்தில் 20 வளையத்தை எண்ணி, அந்த நீளத்தை அளந்து 20-ஆல் வகுங்கள். 127 மி.மீ. வந்தால் 6.35 மி.மீ. கம்பி, அதாவது கால் அங்குலம். 123.8 வந்தால் அடுத்த சின்னக் கம்பி, 6.19. டேப்பில் வித்தியாசம் மூன்று மி.மீ. சொச்சம்தான். ஆனால் ஸ்பிரிங்கின் வலு தடிமனின் நாலாம் அடுக்கில் மாறும். அதே எண்ணிக்கை வளையத்தில் 6.35-க்குப் பதில் 6.19 போட்டால் வலு பத்து சதவீதம் குறையும், 135 கிலோக் கதவு 13 கிலோ கனக்கும். 10 வளையத்தையும் தனியாக அளந்து ஒத்துப் பாருங்கள்.

உள்விட்டம் பெரும்பாலும் கோனிலேயே (ஸ்பிரிங்கின் முனையில் செருகியிருக்கும் உலோகத் துண்டு) அச்சில் இருக்கும். வழக்கமாகக் கிடைப்பவை 51, 67, 95, 152 மி.மீ.

திசைக்கு ஸ்பிரிங்கின் முனையை நேராகப் பாருங்கள். அந்த முனையிலிருந்து கம்பி கடிகார முள் திசையில் சுற்றி உள்ளே போனால் வலமுறுக்கு, எதிராகப் போனால் இடமுறுக்கு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள்: வழக்கமான அமைப்பில் உள்ளேயிருந்து பார்க்க *இடப்பக்கம்* இருப்பது வலமுறுக்கு, *வலப்பக்கம்* இருப்பது இடமுறுக்கு. கடையில் “ரைட் சைடு ஸ்பிரிங்” என்று கேட்டால் தப்பானதைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். கோனில் சிவப்பு வலமுறுக்கு, கறுப்பு இடமுறுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. யாரோ முன்பு கோனை மாற்றியிருக்கலாம், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

#6 உபிக்கிடங்கு

நாலு பேர் தூக்கி, முட்டுக் கொடுத்து லோரியை எடுத்தாயிற்று. கதவு இப்போது கீழே, ஐசொலேட்டரில் பூட்டு. அளவுகள்: 20 வளையம் 127 மி.மீ., 10 வளையம் 63.5. கோனில் 51 என்று இருக்கிறது. முறிந்தது இடமுறுக்கு. முறியாத ஸ்பிரிங்கின் நீளம் 960 மி.மீ. முறிந்த இரண்டு துண்டையும் கூட்டினால் 900தான் வருகிறது. துண்டு ஏதாவது தெறித்துக் காணாமல் போயிருக்குமா? 960 என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

#7 வெர்னியர்

எதுவும் தெறிக்கவில்லை. 900தான் சரி.

முறுக்கிய ஸ்பிரிங் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கம்பித் தடிமன் அளவு நீளும். உங்கள் டிரம் (ஷாஃப்ட் முனையில் கேபிளைச் சுற்றிக்கொள்ளும் சக்கரம்) 4 அங்குலமாக இருக்கும், சுற்றளவு 319 மி.மீ. 2440-ஐ 319-ஆல் வகுத்தால் 7.65. கதவு கீழே வந்த பிறகும் கேபிள் தளராமல் இருக்க முக்கால் சுற்றுக்கு மேல் சேர்ப்பார்கள். ஆக எட்டரைச் சுற்று. எட்டரையை 6.35-ஆல் பெருக்கினால் 54 மி.மீ. மீதி 6 மி.மீ., வளையங்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க மாட்டும்போது இழுத்து வைத்தது. 900, 54, 6: கூட்டினால் 960.

960 நீளத்தில் வாங்கியிருந்தால் வளையம் கூடி வலு குறைந்து, கதவு எட்டு ஒன்பது கிலோ கனத்துத் தொங்கும். பிறகு அதை ஈடுகட்டக் கூடுதலாக முறுக்குவார்கள், சீக்கிரம் முறியும்.

#8 கணக்குச்சுற்று

அழகாகப் பொருந்துகிறது. எடைக்கும் ஒரு சரிபார்ப்பு: 6.35 கம்பி, 51 உள்விட்டம், 900 நீளம் என்றால் சுற்றுக்குச் சுமார் 4 நியூட்டன் மீட்டர். இரண்டு ஸ்பிரிங், எட்டரைச் சுற்று, மொத்தம் 68. டிரம்மின் ஆரம் 51 மி.மீ., அதனால் வகுத்தால் சுமார் 1,333 நியூட்டன், அதாவது 136 கிலோ தூக்கும். பழைய ஸ்பிரிங்கே சரியான அளவுதானா என்று சந்தேகம் இருந்தால், இரண்டையும் முழுதாகத் தளர்த்திய பிறகு கதவின் அடியில் எடைத்தராசு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு 20 முறை திறப்பவர்கள் அதே அளவை மறுபடி வாங்காமல் 6.67 மி.மீ. கம்பியில் 1,140 மி.மீ. நீளம் கேளுங்கள். தூக்கும் வலு அதேதான், கம்பி மேல் விழும் அழுத்தம் குறைவு, சுழற்சி கூடும். 3.9 மீட்டர் ஷாஃப்டில் தாராளமாக இடம் இருக்கும்.

#9 தேக்காக்கடை

இவ்வளவு கணக்கு தெரிஞ்சா நாமளே மாட்டிடலாமே? குத்தகையாளர் வந்து ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டுப் போறாங்க. யூடியூப்ல எல்லாம் இருக்கு.

#10 முறுக்குக்கம்பி

தம்பி, அளப்பது உங்கள் வேலை. முறுக்குவது முதல் தடவையாகச் செய்யும் வேலை இல்லை.

முறிந்த ஸ்பிரிங் செத்த பாம்பு. ஆபத்து முறியாத ஸ்பிரிங்கில். எட்டரைச் சுற்று அப்படியே உள்ளே இருக்கிறது, 900 ஜூல். 45 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். ஆனால் முறுக்குவதற்கான 450 மி.மீ. இரும்புக் கம்பியைக் கோன் துளையில் மாட்டிப் பிடித்தால் கையில் ஒன்பது கிலோ பாரம்தான் தெரியும். அந்த ஒன்பது கிலோதான் ஆளை ஏமாற்றும். “இவ்வளவுதானா” என்று ஒரு கையை எடுப்பார்கள். கம்பி நழுவினால் கோன் எட்டரைச் சுற்றையும் ஒரே மூச்சில் அவிழ்க்கும், கம்பி அதோடு சுழலும்.

ஸ்க்ரூடிரைவரை மாட்டி முறுக்கும் ஆள் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கோன் துளை அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. கம்பிதான் வேண்டும். இங்கே ஹார்டுவேர் கடையில் கைக்குக் கிடைப்பது 12 மி.மீ., அது ஆடும், ஆடினால் வாயோரத்தில் வழுக்கும். கட்டுமானத் தளத்து முறுக்குக் கம்பி அறவே கூடாது. துளையை வெர்னியரில் அளந்து, அதற்குப் பொருத்தமான வழுவழுப்பான எஃகுக் கம்பி இரண்டு. பெரிய கோனுக்கு 16 மி.மீ. கேட்கும்.

செய்யும் முறையை எழுதுகிறேன், வந்த ஆள் சரியாகச் செய்கிறாரா என்று நீங்கள் பார்ப்பதற்கு.

கதவு கீழே, மின்சாரம் பூட்டில், சாவி வேலை செய்பவர் பையில். இரண்டு தண்டவாளத்திலும் ஓர் உருளைக்கு *மேலே* வைஸ் கிரிப், முறுக்கும்போது கதவு தானாக எழாமல் இருக்க. ஏணி கோனுக்குப் பக்கவாட்டில். முகம் கம்பி சுழலும் வட்டத்துக்குள் வரவே கூடாது. கண்ணாடி, இறுக்கமான கையுறை, தொங்கும் சட்டைக்கை கிடையாது.

முறியாத ஸ்பிரிங்கின் கோனில் முதல் கம்பியை அடி தட்டும் வரை செருகி, லேசாக மேலே அழுத்திப் பாரத்தைக் கையில் வாங்கிய *பிறகே* கோனை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூ இரண்டையும் தளர்த்த வேண்டும். தளர்த்தும்போது கம்பி கையில் ஒரு முறை குதிக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கால் சுற்று கீழே இறக்கி, அடுத்த துளையில் இரண்டாவது கம்பியை முழுதாகச் செருகி, பாரத்தை அதற்கு மாற்றி, பிறகுதான் முதல் கம்பியை உருவ வேண்டும். இப்படி 34 கால் சுற்று. எந்த நொடியிலும் ஒரு கம்பி துளைக்குள் பாரத்தோடு இருக்க வேண்டும். நடுவில் போன் அடித்தால் அடிக்கட்டும்.

முறிந்த ஸ்பிரிங்கின் கோனையும் கம்பி மாட்டித்தான் தளர்த்த வேண்டும். கதவின் அடி மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டை இதற்கெல்லாம் முன்னால் தொட்டால் விரல் போகும்.

தளர்ந்த பிறகு டிரம், கேபிள், நடுப் பிராக்கெட் போல்ட் கழற்றி ஷாஃப்டை நகர்த்தினால் ஸ்பிரிங் வெளியே வரும். நடு பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் இரண்டு கேபிளையும் மாற்றுங்கள்.

புதியதை மாட்டி, கேபிள் இரண்டும் ஒரே இறுக்கத்தில் வரும்படி டிரம்மைப் பூட்டி, ஷாஃப்ட் நழுவாமல் அதிலும் ஒரு வைஸ் கிரிப். இப்போது ஸ்பிரிங் நெடுகச் சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். முறுக்க முறுக்க அந்தக் கோடு ஸ்பிரிங்கைச் சுற்றிக் கொடி மாதிரி ஏறும். எட்டரைப் பட்டை தெரிந்தால் எட்டரைச் சுற்று, வாயால் எண்ணியது தப்பினாலும் கோடு தப்பாது. கம்பியை மேல்நோக்கித் தள்ளி முறுக்கும்போது ஸ்பிரிங் ஒடுங்கி நீள வேண்டும். பருத்துக் குட்டையானால் இடம் வலம் மாறி மாட்டியிருக்கிறது, அப்போதே நிறுத்தி அவிழ்க்க வேண்டும்.

34 முடிந்ததும் கோனை வெளிப்பக்கம் 6 முதல் 10 மி.மீ. நகர்த்தி, செட் ஸ்க்ரூ ஷாஃப்டைத் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் திருப்பு. அதற்கு மேல் இறுக்கினால் குழாய் ஷாஃப்ட் நசுங்கும், அடுத்த தடவை கோன் வெளியே வராது.

#11 பெர்மிட்பார்ட்டி

வேலையிடம் என்பதால் ஒரு வரி. 2006 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் இந்த வேலைக்கும் அபாய மதிப்பீடு எழுத வேண்டும், வெளி ஆள் செய்தாலும் இடத்தை நடத்துபவர் கை கழுவ முடியாது. 3 மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய நிலை என்றால் பெர்மிட் வேண்டும். 2.44 மீட்டர் கதவுக்கு ஏணியில் கால் அவ்வளவு உயரம் போகாது, உயரமான கிடங்கு வாசல்களுக்குப் போகும். மோட்டாரின் நிலையான வயரிங்கில் கை வைக்க உரிமம் பெற்ற மின் ஊழியர் வேண்டும். தீத்தடுப்பு ஷட்டராக இருந்தால் கிடைத்த ஸ்பிரிங்கைப் போடும் பேச்சே கிடையாது, சான்றிதழ் பெற்ற அமைப்பு அது.

#12 தேக்காக்கடை

சரி, கதவை விடுங்க. என் கடை ரோலர் ஷட்டர் கையால தூக்குறது. இப்ப ரெண்டு பேர் வேண்டியிருக்கு. மேல ஸ்பிரிங்கே கண்ணுக்குத் தெரியல.

#13 முறுக்குக்கம்பி

அது வேறு ஜாதி. உங்கள் ஸ்பிரிங் உருட்டுக்குள்ளே இருக்கிறது. கடிகாரச் சாவிச் சுருள் மாதிரிப் பட்டையாக இருக்கலாம், சுருள் கம்பியாகவும் இருக்கலாம். ஒரு முனை நடுக் குழாயில், மறு முனை உருட்டில். குழாய் சுழலாமல் பிடித்திருப்பது இரண்டு பக்கமும் உள்ள யூ கிளாம்ப். ஆபத்து முழுதும் அந்த நட்டில். பைப் ரெஞ்சால் குழாயைப் பிடிக்காமல் நட்டைத் தளர்த்தினால் குழாய் தானாகச் சுற்றும். ரெஞ்சை மாட்டிவிட்டுக் கையை எடுத்தாலும் அதுவே விசிறி ஆகிவிடும்.

கனமாகிவிட்டது என்பதாலேயே ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் இரண்டு பக்கத் தடத்தையும் துணியால் துடையுங்கள். தேக்கா ஐந்தடிப் பாதைத் தூசியும் ஊதுபத்திச் சாம்பலும் எண்ணெயோடு சேர்ந்தால் களிம்புதான். தடத்துக்கு கிரீஸ் வேண்டாம், சிலிக்கான் ஸ்பிரே போதும். பிறகும் ஒரே சீராகக் கனத்தால் முறுக்குத் தளர்ந்திருக்கிறது. பழகிய ஆள் இரண்டு பேர் ரெஞ்சோடு வந்து கால் சுற்று, அரைச் சுற்றாக ஏற்றுவார்கள். திடீரென்று ஒரு நாள் “டங்” சத்தத்துக்குப் பிறகு கனத்தது என்றால் உள்ளே முறிந்திருக்கிறது, மொத்த உருட்டையும் கீழே இறக்க வேண்டும்.

#14 உபிக்கிடங்கு

இரண்டும் மாற்றியாயிற்று, 6.67 கம்பிதான். வந்தவர் கதவின் எடையைப் பார்த்த பிறகே முறுக்கினார், சாக்பீஸ் கோட்டையும் எண்ணினேன். மோட்டாரைப் பிரித்து இடுப்பளவில் விட்டால் நிற்கிறது. ஆனால் முழங்கால் உயரத்தில் விட்டால் மெல்ல மேலே போகிறது. தப்பா?

#15 வெர்னியர்

கொஞ்சம் முறுக்குக் கூடுதல். இரண்டு கோனிலும் சரியாகக் கால் சுற்று குறைக்கச் சொல்லுங்கள், ஒரே பக்கத்தில் அரைச் சுற்று குறைக்கக் கூடாது. ஆனால் இன்றைக்கே வேண்டாம். புது ஸ்பிரிங் முதல் சில வாரத்தில் கொஞ்சம் அமரும், துத்தநாகம் பூசியது இன்னும் கூடுதலாக. இரண்டு வாரம் கழித்து அதே முழங்கால் உயரத்தில் விட்டுப் பாருங்கள், அப்போதும் ஏறினால் குறைக்கலாம். தரையிலிருந்து தூக்க நாலைந்து கிலோவுக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒரு தடவை ஸ்பிரிங் மேல் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு கோடு. டபிள்யூடி-40 சாதா டப்பா துருவைத் தளர்த்தும், எண்ணெயாக நிற்காது.

#16 தேக்காக்கடை

பழைய ஸ்பிரிங்கை என்ன பண்றது? பழைய சாமான் வாங்குற கராங்குனி எடுப்பாரா?

#17 முறுக்குக்கம்பி

முழுதாக அவிழ்த்துக் கழற்றியது வெறும் இரும்புதான், எடுப்பார். உங்கள் ஷட்டருக்குள் இருக்கும் பட்டைச் சுருளைப் பெட்டியோடு கொடுக்காதீர்கள், பெட்டியை யாராவது திறந்தால் உள்ளே இருப்பது இன்னும் முறுக்கோடு வெளியே பாயும்.